வேர்வைப் பெட்டி

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, சிவசைலத்துக்கு இன்னும் ஒரு பொட்டு வேர்க்கவில்லை. இடுப்பில் சகலை கொடுத்த வெள்ளைத் துண்டு, காலடியில் ஒரு மரவாளி நிறையத் தண்ணீர், அதற்குள் நீளக் காம்பு வைத்த மரக்கரண்டி, எதிர் மூலையில் இரும்புக் கூண்டுக்குள் அடுக்கிய கருங்கற்கள், தலைக்கு மேல் மஞ்சளாக ஒரு விளக்கு. சுவரில் மாட்டியிருந்த மணல் கடிகாரத்தில் மணல் மட்டும் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தது. கோயம்புத்தூர் மார்கழிக் குளிர் காலை பத்தரை மணிக்கும் விட்டபாடில்லை. தரையின் சில்லிப்பு பலகை வழியாக மேலேறி அவன் தொடையில் வந்து நின்றது. இதுதானா சானா என்கிற சூட்டு அறை? இதற்காகத்தானா நேற்றுச் சாயங்காலம் முழுக்க அந்தப் பீற்றல்? அம்பாசமுத்திரம் தாலுகாவில் இருபத்தாறு வருஷமாக சர்வேயராக இருக்கிறவனுக்கு எங்கே போய் உட்கார்ந்தாலும் கண் முதலில் அளந்துவிடும். ஆறடிக்கு ஐந்தேகால், உயரம் ஏழுக்குக் கொஞ்சம் குறைவு. நாலு பக்கமும் பலகை, மேலே பலகை, உட்காரப் பலகை. நெல் கொட்டிவைக்கிற பத்தாயத்துக்குள் ஒரு மனுஷனை இறக்கி விளக்கைப் போட்டால் இப்படித்தான் இருக்கும். கொழுந்தியாள் வடிவுகூட இதை வேர்வைப் பெட்டி என்றுதான் சொன்னாள், அவள் வாங்கிக்கொடுக்கச் சொல்லவில்லையாம், அவராகத்தான் வைத்தாராம். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. ஒரு பெட்டிக்கு இத்தனை பெருமை. அந்தப் பெட்டிக்குள் இப்போது அவளுடைய அத்தான் குளிரில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

போய்க் கேட்கலாம்தான். கதவைத் திறந்து, படியிறங்கி, கீழே கூடத்தில் இருக்கும் சகலை ஆவுடையப்பனிடம், தம்பி, சூடே வரலையே என்று ஒரு வார்த்தை. அவன் ஓடிவருவான், அண்ணாச்சி அண்ணாச்சி என்று பதறுவான், பத்து தடவை மன்னிப்புக் கேட்பான். அந்தப் பதற்றத்தைத்தான் சிவசைலத்தால் தாங்க முடியாது. மனைவியின் தங்கை புருஷன் என்றால் ஏதோ கொஞ்சம் திமிராகவாவது இருக்க வேண்டும், அப்படி இருந்தால் வெறுக்கச் சௌகரியமாக இருக்கும். இவன் அதற்கும் வழி விடவில்லை. பம்ப்செட் பாகம் வார்க்கிற பட்டறையில் ஆரம்பித்து, வடவள்ளிப் பக்கம் இந்த வீட்டைக் கட்டி, மாடியில் உடற்பயிற்சி அறையும் அதை ஒட்டி இந்தப் பெட்டியும் வைத்த பிறகும், மூத்த சகலை வந்தால் வாசலுக்கு வந்து பையை வாங்கிக்கொள்கிறான். நேற்று வீட்டைச் சுற்றிக்காட்டும்போது, சானா போயிருக்கீங்களா அண்ணாச்சி என்று சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் பக்கத்தில் தன் மனைவி உலகம்மை நின்றாள். சிவசைலத்தின் வாய் அதுவாகவே பேசிவிட்டது: கொச்சிக்கு ட்ரெய்னிங் போனபோது தங்கின இடத்தில் இருந்ததாகவும், பத்து நாளும் தினம் போனதாகவும். கொச்சிக்கு ட்ரெய்னிங் போனது உண்மை. அங்கே அவன் கண்டது ஒழுகுகிற ஒரு குழாயும், ஆறு பேருக்கு ஒரு குளியலறையும். அதைத் திரும்பிவந்து உலகம்மையிடம் புலம்பியும் இருக்கிறான். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் திரைச்சீலையைத் தொட்டு நல்ல துணி என்றாள். இன்று காலை ஆவுடையப்பன் மேலே கூட்டிவந்து, முதல்ல ஒண்ணு செய்யணும் அண்ணாச்சி என்று ஆரம்பித்தபோதே, தெரியும் தெரியும், எல்லா ஊர்லயும் ஒண்ணுதானே என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டான். அந்த நேரம் பார்த்துப் பட்டறையிலிருந்து போன் வந்தது. அப்ப நீங்களே பாத்துக்கிடுவீங்க என்று அவன் போனோடு இறங்கிப்போனான். சிவசைலம் உள்ளே வந்து கண்ணில் பட்ட ஒரே ஸ்விட்சைப் போட்டான், விளக்கு எரிந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். முதல்ல ஒண்ணு செய்யணும் என்றானே, அது என்ன ஒண்ணு? குளித்துவிட்டு வரவேண்டுமா, ஏதாவது திருக வேண்டுமா, சாமி கும்பிட வேண்டுமா. அந்த ஒண்ணைத் தவிர உலகத்தில் எல்லாம் அவன் ஞாபகத்துக்கு வந்தது.

ஒருவேளை இது கெட்டுப்போயிருக்கலாம். அந்த நினைப்பு வந்ததும் சிவசைலத்துக்கு உள்ளே ஒரு கதகதப்பு பரவியது, இந்த அறைக்குள் வந்த பிறகு முதல் கதகதப்பு. ஆமாம், கெட்டுத்தான் போயிருக்கும். எவனோ விற்றவன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருக்கிறான், இவனும் வருகிறவர்களை எல்லாம் உள்ளே அனுப்புகிறான், அவர்களும் கௌரவத்துக்காகக் குளிரில் உட்கார்ந்துவிட்டு ஆகா ஓகோ என்று வெளியே வருகிறார்கள். கீழே போய் எல்லார் முன்னாலும், குறிப்பாக உலகம்மை முன்னால், தம்பி, உங்களை நல்லா ஏமாத்திட்டான் என்று பரிவோடு சொல்லலாம். ஆவுடையப்பன் முகத்தில் ஈயாடாது. அந்தக் காட்சியைச் சிவசைலம் இரண்டு தடவை ஓட்டிப்பார்த்தான், மூன்றாவது தடவையில் ஆவுடையப்பன் மேலே வந்து, எதையோ ஒன்றைத் தட்டி, கற்கள் சிவந்து, இது போடலையா அண்ணாச்சி, கொச்சியில இது இருந்திருக்குமே என்று கேட்டான். கெட்டுப்போயிருந்தால் ஜெயிக்கலாம், கெட்டுப்போகாவிட்டால் மானம் கப்பலேறும், எது என்று தெரியாதவரைக்கும் எழுந்திருக்க முடியாது. எழுந்திருக்காமல் இருந்தால் கீழே அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து இருப்பார்கள். மூன்று பேர் என்றால் வடிவு அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருப்பாள், அவள் எப்போதும் அப்படித்தான், ஒரு இடத்தில் இருக்கமாட்டாள். அப்படியானால் இரண்டு பேர்.

அதை நினைத்த உடனே சிரிப்புச் சத்தம் கேட்டது. பலகைச் சுவரின் அடியில் காற்றுக்காக விட்டிருந்த இடுக்கு வழியாக, மாடிப்படி வழியாக, கீழேயிருந்து மெதுவாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உலகம்மையின் சிரிப்பு. வீட்டில் அவள் வாயை மூடிக்கொண்டு மூக்கால் சிரிப்பாள். இங்கே வாய்விட்டுச் சிரிக்கிறாள். என்ன சொல்லியிருப்பான்? ஆவுடையப்பனுக்குப் பெரிய நகைச்சுவை ஒன்றும் கிடையாது, ஒரு விஷயத்தைச் சொல்வதற்கு முன்னாலேயே தான் சிரித்துவிடுகிற ஆள். அதற்குப் போய் இப்படி ஒரு சிரிப்பா. அண்ணாச்சி உள்ள இருக்காரு, அரை மணி ஆகும் வர என்று சொல்லியிருப்பானோ. தன்னை இந்தப் பெட்டிக்குள் அனுப்பிவைத்ததே அதற்குத்தானோ என்று ஒரு எண்ணம் எட்டிப்பார்த்தது, சிவசைலத்துக்கே அது அசிங்கமாகப் பட்டது, ஆனாலும் போகச் சொல்லவில்லை, உட்கார வைத்துக்கொண்டான். நேற்றுக் காபி. நேற்று இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் வடிவு தலைவலி என்று படுத்துவிட்டதால் உலகம்மையே அடுக்களைக்குப் போய்க் காபி போட்டாள். நாலு டம்ளர். ஆவுடையப்பன் டம்ளரைத் தனியாக எடுத்து, இதுல சீனி கம்மி என்று அவன் கையில் கொடுத்தாள். அவன் கேட்கவில்லை. அவள் கேட்கவில்லை. சீனி கம்மி. அவன் ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினான். அவனுக்குச் சீனி கம்மி என்று இவளுக்கு யார் சொன்னது? வடிவு சொல்லியிருப்பாள், அக்காதங்கச்சி வாரத்துக்கு நாலு தடவை போனில் பேசுகிறார்கள், சீனியும் உப்பும் பேசாமல் வேறென்ன பேசுவார்கள். படுக்கிறதுக்கு முன்னால் சொல்லியிருப்பாள். கட்டாயம் சொல்லியிருப்பாள். அப்படித்தான் இருக்கும் என்று சிவசைலம் நேற்றிலிருந்து நாற்பது தடவையாவது தனக்குச் சொல்லிக்கொண்டாகிவிட்டது. நாற்பது தடவை சொல்லியும் ஒரு விஷயம் உள்ளே இறங்கவில்லை என்றால் அது உண்மையாக இருந்து என்ன பிரயோசனம்?

ஏனென்றால் இன்னொரு காபியும் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பாபநாசத்தில், உலகம்மையின் அப்பா வீட்டில், ஆவுடையப்பன் கையில் அவள் கொடுத்த காபி. அவன் முதலில் பார்க்க வந்தது வடிவை இல்லை, உலகம்மையைத்தான். சொஜ்ஜி பஜ்ஜி எல்லாம் ஆகி, இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போய், பூ வைக்கிற நாள்கூடப் பேசிவிட்டார்கள். கடைசியில் இன்னொரு ஜோசியரிடம் காட்டினபோது ரஜ்ஜு தட்டியது. மற்ற ஒன்பது பொருத்தம் இருந்தாலும் ரஜ்ஜு இல்லாவிட்டால் தாலிக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். ஆனால் அந்த இரண்டு குடும்பத்துக்கும் ஒருத்தரை ஒருத்தர் விட மனசில்லை. மூத்தவள் ஜாதகம் சேராவிட்டால் என்ன, இளையவள் படிப்பை முடிக்கட்டும் என்று பேசிவைத்துக்கொண்டார்கள். இளையவளுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமென்றால் மூத்தவள் முதலில் போயாக வேண்டுமே. அவசரமாக மாப்பிள்ளை தேடினார்கள், சிவசைலம் கிடைத்தான். பத்துக்கு எட்டுப் பொருத்தம், ரஜ்ஜு பிரமாதம். இந்தக் கதை எதுவும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து வடிவு கல்யாணத்தில், பந்தியில் அவனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த ஒரு சித்தப்பா, பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார், மூத்தவளப் பாக்க வந்தவன் இளையவளக் கட்டுதான், எல்லாம் நேரம் என்று. அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். சிவசைலம் இலையை மடக்கிவிட்டு எழுந்தான், என்ன சாப்பிட்டோம் என்று இன்றுவரை ஞாபகமில்லை. பந்தலுக்குப் பின்னால் உலகம்மையைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டான், அவர் உன்னைப் பாக்க வந்தாராமே. ஆமா என்றாள். உனக்குப் பிடிச்சிருந்துதா? அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, புடவைத் தலைப்பைக்கூடத் தொடவில்லை. "நான் நிமிந்தே பாக்கலங்க. காபி குடுக்கும்போது அவரு காலைத்தான் பாத்தேன். முகம் எப்படின்னே தெரியாது." அந்தக் குரலில் ஒரு நெளிவு கிடையாது, ஒரு நடுக்கம் கிடையாது. இந்தக் குரலில் ஒரு பெண்ணால் பொய் சொல்ல முடியாது என்று சிவசைலம் அங்கேயே ஒரு சர்வே கல் நட்டுவிட்டான். இத்தனை வருஷமும் எப்போது சந்தேகம் தலைதூக்கினாலும் அந்தக் கல்லிலிருந்துதான் அளவுச் சங்கிலியைப் போட்டு அளந்தான்.

அளந்து அளந்து அவன் கண்டுபிடித்ததெல்லாம் கால்தான். முகத்தைப் பார்க்கவில்லை, சரி, காலைப் பார்த்தாளே. ஒரு பெண் ஒருத்தன் காலை எவ்வளவு நேரம் பார்க்கலாம்? ஆவுடையப்பன் காலில் கட்டைவிரலைவிட இரண்டாவது விரல் நீளம். நகம் எப்போதும் வெட்டியிருக்கும், குதிகால் பொம்பளை மாதிரி வழவழவென்று இருக்கும், பட்டறைக்காரன் கால் மாதிரியே இருக்காது. குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும் சிவசைலம் முதலில் பார்ப்பது அந்தக் காலைத்தான். இப்போது குனிந்து தன் காலைப் பார்த்தான். வயலும் கரம்பும் மிதித்து வெடித்த பாதம், கருவேல முள் ஏறி எடுத்த வடு, கட்டைவிரல் நகம் ஒருபக்கம் கறுத்து. மஞ்சள் விளக்கில் அது இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. இதை உலகம்மை என்றைக்காவது உட்கார்ந்து பார்த்திருப்பாளா? அப்புறம் அந்த உறவுமுறை. தங்கச்சி புருஷனைத் தம்பி என்று கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மாப்பிள்ளை என்று கூப்பிட வேண்டும். உலகம்மை அவனை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தன்னைவிட ஐந்து வயது மூத்தவனைத் தம்பி என்று எப்படிச் சொல்ல என்று ஒருதடவை வடிவிடம் சொன்னாள், நியாயம்தான். அப்போ மாப்பிள்ளைக்கு என்ன கேடு? இங்க பாருங்க என்பாள், கேட்டீங்களா என்பாள், சும்மா டம்ளரை நீட்டுவாள். ஊர் உலகத்தில் எல்லாருக்கும் ஒரு முறை இருக்கிறது, பால்காரருக்குக்கூட அண்ணாச்சி இருக்கிறது, இவன் ஒருத்தனுக்கு மட்டும் அவள் வாயில் பேர் இல்லை. அவன் அவளை வாய்நிறைய மதினி என்கிறான். அவள் பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவைத்திருக்கிறாள். பட்டா கொடுக்காத நிலம் ஒன்றை யாருக்காக அப்படி விட்டுவைப்பார்கள்? தனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டே சிவசைலம் காலைப் பலகைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

இந்த மாதிரி ஆட்களை அவன் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறான். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் குற்றாலிங்கம் என்று ஒருவர், பக்கத்து வீட்டுச் சுவர் தன் மனைக்குள் நாலு விரல்கடை ஏறியிருக்கிறது என்று பதினொரு வருஷம் மனுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் சிவசைலம்தான் போய் அளந்தான். சுவர் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. அண்ணாச்சி, ஒரு நூல்கூட ஏறலை, நிம்மதியா இருங்க என்று சொன்னான். மனுஷனுக்கு நிம்மதி வரவில்லை, முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு தடவை அளங்க, இன்னொரு தடவை அளங்க என்று சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். ஆபீஸில் போய் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான் சிவசைலம். உலகம்மையிடமும் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. பாவம், இனி அவருக்கு என்ன வேலை இருக்கு என்று கேட்டாள். அப்போது அதை ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது இந்தக் குளிர்ந்த பெட்டிக்குள் அந்தக் கேள்வி முள் மாதிரித் தைத்தது. என்னை நினைத்துக்கொண்டுதான் கேட்டாளோ? தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்து இவன் வள்ளென்று விழுவதும், திரும்பிப்போகும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வருவதும் அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்டதில்லையே. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், சண்டையில் ஏதாவது ஒன்று தவறி விழுந்திருக்கும், பொறுக்கியிருக்கலாம்.

மணல் கீழே இறங்கி முடிந்தது. அதை ஒரு தடவை திருப்பினால் கால்மணி நேரம் என்று நேற்று ஆவுடையப்பன் சொன்னது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. எழுந்து திருப்பிவைத்தான். நிற்கும்போது முட்டி விறைத்திருந்தது. கரண்டியில் தண்ணீரை மொண்டு கற்கள்மேல் ஊற்றிப் பார்ப்போம் என்று ஒரு யோசனை வந்தது, ஏதோ படத்தில் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறான், ஊற்றினதும் சுர்ரென்று சத்தம் கேட்டுப் புகை மேலே போகும். ஊற்றினான். தண்ணீர் கற்களுக்கு நடுவே சலசலவென்று இறங்கி, கூண்டுக்கு அடியில் தேங்கி, மெதுவாக அவன் பாதத்தைப் பார்த்து நகர்ந்துவந்தது. குனிந்து ஒரு கல்லைத் தொட்டான். ஆற்றங்கரைக் கல் விடியற்காலையில் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. சப்பென்று ஆகிவிட்டது. திடீரென்று நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தது, காற்று போதவில்லையோ, கதவு வெளியே பூட்டிக்கொண்டிருக்குமோ, பிரஷர் மாத்திரை காலையில் போட்டோமா இல்லையா. இங்கே விழுந்து செத்தால், சகலை வீட்டில் வெறும் துண்டோடு, நாளைக்கு ஊரில் என்ன சொல்வார்கள்? சூடு தாங்காமல் போய்விட்டான் என்பார்கள். ஆவுடையப்பன் ஒருத்தனுக்கு மட்டும் தெரியும் கல் பச்சைத்தண்ணியாக இருந்தது என்று. அவனும் சொல்லமாட்டான், அவ்வளவு நல்லவன், எல்லாக் காரியத்தையும் முன்னால் நின்று செய்வான், உலகம்மைக்கு அப்போதும் அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாது. கதவைத் தள்ளிப்பார்த்தான். லேசாகத் திறந்தது. சாத்திக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தான். கீழே மறுபடி சிரிப்பு, இந்தத் தடவை வடிவின் சிரிப்பும் சேர்ந்து கேட்டது, ஆனாலும் அவனுக்கு ஆறுதல் வரவில்லை. இத்தனை வருஷமாக அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. ரஜ்ஜு தட்டியிருக்காவிட்டால் அவள் இந்த வீட்டில் இருந்திருப்பாள், அந்தத் திரைச்சீலை அவளுடையதாக இருந்திருக்கும், அதை அவள் என்றைக்காவது நினைத்துப்பார்த்தாளா? நேற்று நல்ல துணி என்று தொட்டாளே, அப்போது நினைத்தாளா? அதைக் கேட்கிற தைரியம் அவனுக்கு எப்போதும் வந்ததில்லை. காலை மட்டும்தான் பார்த்தேன் என்ற பதில் கையில் இருக்கும்போது, இன்னொன்றைக் கேட்டு அதையும் கெடுத்துக்கொள்வானேன் என்று விட்டுவிட்டான்.

பாதி மணல்கூட இறங்கியிருக்காது, மாடிப்படியில் காலடிச் சத்தம். ஒரு ஆள் இல்லை, இரண்டு, இல்லை மூன்று பேர். "அண்ணாச்சி, போதும், முதல்நாள் ரொம்ப இருக்கக் கூடாது" என்று ஆவுடையப்பன் குரல் படியிலேயே கேட்டது. சிவசைலம் தன் கையைப் பார்த்தான். மயிர் குத்திட்டு நின்றது, தோல் முழுக்கப் புள்ளி புள்ளியாக. கொச்சியில் பத்து நாள் தினம் போனவன் அரை மணி உட்கார்ந்து ஒரு சொட்டு வேர்க்காமல் வெளியே போனால் என்ன நினைப்பார்கள்? யோசிக்க நேரமில்லை. வாளியை இரண்டு கையாலும் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டான். மார்கழித் தண்ணீர், உச்சியில் அடித்த அடியில் மூச்சு நின்று திரும்பி வந்தது. நெற்றியில், நெஞ்சில், முதுகில், எல்லா இடமும் ஒழுகியது, பற்கள் தாமாக அடித்துக்கொண்டன. பல்லைக் கடித்து, வேர்த்து விறுவிறுத்தவன் மாதிரி ஒரு முகத்தை வரவழைத்துக்கொண்டு கதவைத் தள்ளினான்.

மூன்று பேரும் நின்றார்கள். ஆவுடையப்பன் முன்னால், வடிவு அவனுக்குப் பின்னால், உலகம்மை தோளில் ஒரு பெரிய துண்டோடு கதவை ஒட்டினாற்போல. வெளியே வந்து திரும்பின சிவசைலத்தின் கண்ணில் முதலில் பட்டது கதவுச் சட்டத்துக்குப் பக்கத்தில், தோள் உயரத்தில், சுவரில் பதித்த ஒரு தடித்த ஸ்விட்ச். அதன் மேலே ஒரு சின்ன விளக்கு, எரியாமல். பக்கத்தில் ஒரு திருகு, பூஜ்யத்தில். உள்ளே போகும்போது அதை ஒட்டித்தான் போயிருக்கிறான். அவன் பார்ப்பதை உலகம்மை பார்த்தாள். அவள் கண்ணும் அங்கே ஒரு தடவை போய்வந்தது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஒரு அடி நகர்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, ஸ்விட்ச் அவள் தோளுக்குப் பின்னால் மறைய நின்றுகொண்டாள். ஆவுடையப்பன் ஆர்வமாகக் கையை நீட்டிக்கொண்டே வந்தான், எப்படி இருந்தது அண்ணாச்சி என்று. பிரமாதம் தம்பி என்று சிவசைலம் சொன்னான், குரல் நடுங்கியது. அந்தக் கை அவன் தோளைத் தொடுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது உலகம்மை எட்டித் துண்டை அவன்மேல் போட்டுச் சுற்றிவிட்டாள். அவள் உள்ளங்கை அவன் பிடரியில் பட்டது. பட்ட கை அப்படியே நின்றது. கிணற்றுத் தண்ணீரில் கைவிட்ட மாதிரி அவளுக்கு இருந்திருக்கும். கையை எடுக்காமல், ஆவுடையப்பனை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மாடி, தொட முடியல. அடுப்புல இருந்து இறக்கி வச்ச மாதிரில்லா இருக்கு."

ஆவுடையப்பனுக்கு முகமெல்லாம் பல். நான் சொன்னேன்லா மதினி என்று வடிவையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான். அத்தானுக்கு முகமே செவந்துட்டு என்றாள் வடிவு. நீங்களும் ஒருநாள் உள்ள போய்ப் பாக்கணும் மதினி என்று அவன் சொன்னதற்கு, எனக்கு இந்தச் சூடெல்லாம் ஒத்துக்கிடாது என்றாள் உலகம்மை, சுவரை விட்டு நகராமல். அவள் முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. குரலில் ஒரு நெளிவு கிடையாது, ஒரு நடுக்கம் கிடையாது. அந்தக் குரலைச் சிவசைலம் உடனே அடையாளம் கண்டுகொண்டான். கல்யாணப் பந்தலுக்குப் பின்னால் கேட்டது. நான் நிமிந்தே பாக்கலங்க. அதே உயரம், அதே நிதானம், ஒரு நூல் முன்னே பின்னே இல்லை. துண்டுக்குள் அவன் உடம்பு இப்போது நிஜமாகவே ஆட ஆரம்பித்தது. அவன்மேல் இருக்கிற பரிவில்தான் சொன்னாள், அவன் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னாள், அது அவனுக்குத் தெரிந்தது. அன்றைக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பாள் என்பதும் கூடவே தெரிந்தது. என்ன இது, ஐஸ் மாதிரி இருக்கீங்க என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்திருக்கக் கூடாதா? கொச்சியும் இல்ல ஒண்ணும் இல்ல, ஸ்விட்சே போடாம உக்காந்திருக்காரு பாருங்க என்று அவன் மூக்கை உடைத்திருக்கக் கூடாதா? இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் தன்னை அவமானப்படுத்தவில்லையே என்று சிவசைலத்துக்கு அழுகை முட்டியது.

காபி போடுகிறேன் என்று வடிவு இறங்கினாள், அவள் பின்னாலேயே ஆவுடையப்பனும் போனான். அவன் செருப்பில்லாத கால் படியில் ஒவ்வொன்றாக இறங்குவதைச் சிவசைலம் பார்த்துக்கொண்டிருந்தான். உலகம்மை துண்டின் நுனியால் அவன் காதுக்குப் பின்னால் துடைத்தாள், தலையைத் துவட்டினாள், உடம்பு என்னமா நடுங்குது, சீக்கிரம் சட்டையப் போடுங்க என்றாள். அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"எப்படி?" என்று கேட்டாள் உலகம்மை, அதே குரலில்.